ராமையா தாத்தாவுக்குக் கண் தெரிந்த கதை

ஒரு நோட்டுப் புத்தகமும் மை கசியாத பேனாவும் கிடைத்துவிட்டால் உலகத்தையே திருத்திவிடலாம் என்று நம்பிய வயது எனக்கும் இருந்தது. அப்போது பத்தொன்பது. என் பேனா மை கசியும். அதையும் மீறித் திருத்தப் போனேன். (போனேன் பாருங்கள், அதுதான் தப்பு.)

எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு, ஹட்டனில் காதர் நானாவின் புடவைக்கடையில் துணி அளந்துகொண்டிருந்த காலம். காதர் நானா ஒரு தர்மக் கமிட்டிக்குச் செயலாளர். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சும்மா கிடந்த லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, கமிட்டி கேட்டு வாங்கி, உடம்பு முடியாமல், பார்க்கவும் ஆளில்லாமல் போன பதினொரு பேரைக் குடிவைத்திருந்தது. ஆளுக்கொரு அறை, மாதாமாதம் அரிசி, ஒத்தாசைக்கு லெச்சுமி அக்கா. கவனிப்பு எப்படியிருக்கிறது என்று பார்த்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது.

"நீங்க படிச்ச புள்ள, தம்பி. போய்ப் பாத்து நாலு வரி எழுதுங்க," என்றார் நானா.

நாலு வரியா? நான் நாற்பது கேள்வி தயாரித்தேன். தானாக நடப்பாரா? தானாகக் குளிப்பாரா? கண் தெரியுமா? காது கேட்குமா? அப்பாவின் தொப்பியையும் இரவல் வாங்கிக்கொண்டேன். (தலைக்குப் பெரிது. காதுகள்தான் தாங்கின.)

நான் போன நேரம் லெச்சுமி அக்கா அரிசி எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று, குறுக்கே பேச ஆளில்லை என்று மகிழ்ந்தேன். லயத்து வாசலில் நின்று, "எல்லாரும் வரிசையா நில்லுங்க! பேர் கூப்பிடணும்!" என்று குரல் கொடுத்தேன்.

பதினொரு பேரும், விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்பதுபோல, வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். டவுன்காரனான எனக்கு ஒரே பெருமை. தொப்பிக்கு இவ்வளவு மரியாதையா!

"மாரியாயி. தானா நடப்பீங்களா?"

"நடக்கிறதா? ஓடுவேங்க ஐயா!" மாரியாயி பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி வரைக்கும் ஓடியே காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். 'மிக நன்று' என்று எழுதினேன்.

"கருப்பையா. காது கேக்குமா?"

"கவ்வாத்துங்களா? கத்தியக் குடுங்க, இப்பவே வெட்டுறேன்!" தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட நான் கூப்பிடவே இல்லை. 'உற்சாகமுள்ளவர்' என்று எழுதினேன்.

"ராமையா. கண்ணு தெரியுமா?"

"பளிச்சுனு தெரியுதுங்க."

"என் சட்டை என்ன நிறம்?"

ராமையா தாத்தாவுக்குப் பின்னால் மாரியாயி பாட்டிக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே ஏதோ ஒரு வார்த்தையும் வந்தது.

"வெள்ளைங்க," என்றார் தாத்தா. "இஸ்திரிதான் சரியில்ல."

நான் வெட்கத்தோடு சட்டையைத் தடவிக்கொண்டேன். விடைபெறும்போது தாத்தா என்னை விட்டுவிட்டுப் பீலியைப் பார்த்துக் கும்பிட்டார். தண்ணீரைத் தெய்வமாக மதிக்கிறார் என்று நெகிழ்ந்து, அதையும் எழுதினேன்.

அறிக்கையின் கடைசி வரி: 'பராமரிப்பு மிகச் சிறப்பு. உதவி தேவைப்படுவோர் இங்கு ஒருவருமில்லை.'

மறுவாரம் நானா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, கமிட்டிக்கு ரொம்ப சந்தோசம். யாருக்கும் உதவி தேவையில்லைன்னா அரிசி எதுக்கு, லெச்சுமி எதுக்குன்னு லயத்த மூடப் போறாங்க."

அன்றைக்கே லெச்சுமி அக்கா கடைக்குள் நுழைந்தார்.

"ராமையா தாத்தாவுக்குக் கண்ணு குடுத்த மகராசன் யாருங்க?"

நான் சேலை அடுக்குக்குப் பின்னால் குனிந்தேன். (பிரயோசனமில்லை.)

"தோட்டத்துல வரிசையா நிக்கவச்சுப் பேரக் கூப்புட்டா எதுக்குங்க தம்பி? முடியாதவங்க பேர வெட்டத்தான்! வெட்டிட்டா எங்க போவாங்க? அதான் உசுரக் குடுத்து ஓடியிருக்காங்க."

நானா காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டதில், கமிட்டித் தலைவர் நேரில் வரச் சம்மதித்தார். அவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். சிரிப்பைக்கூட முத்திரை குத்தித்தான் வெளியே விடுவார். நான் அவருக்கு முன்பே லயத்துக்கு ஓடினேன்.

"பாட்டி, இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க. முடியலேன்னு சொல்லுங்க."

மாரியாயி பாட்டி யோசித்தார். "அப்ப நீங்க எழுதுனது பொய்யின்னு ஆயிருமே தம்பி. உங்க பேர வெட்டிருவாங்களே?"

"வெட்டினா வெட்டட்டும்!"

"நல்லாருக்கே. சின்ன வயசு. இனிமேதானே பொழைக்கணும்?"

தலைவர் வந்தார். கழுத்துவரை பித்தான் போட்ட கறுப்புக் கோட்டு. கேட்பதற்கு முன்பே மாரியாயி பாட்டி ஓட ஆரம்பித்து, பாதியில் பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் ராமையா தாத்தாவிடம் திரும்பினார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியுதாமே?"

தாத்தா காத்திருந்தார். இருமல் வரவில்லை. பாட்டி தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"தெரியுதுங்க," என்றார் தாத்தா துணிந்து. "ஐயா போட்டிருக்கது வெள்ளச் சட்டை. இஸ்திரிதான் சரியில்ல."

லெச்சுமி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி பேர வெட்டிராதீங்க ஐயா," என்று கல்லிலிருந்து பாட்டி கத்தினார். "நாங்கதான் பொய் சொன்னோம்!"

தலைவர் தம் கறுப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னை.

"ரெண்டு பேருல கண்ணு தெரியாதவர் யாருன்னு எனக்கு இப்பதான் விளங்குது," என்றார். கூடவே ஒரு சிரிப்பும், முத்திரை இல்லாமலே, வெளியே வந்துவிட்டது. "லெச்சுமி, அந்தம்மாவ உள்ள கூட்டிட்டுப் போ. இனிமே இங்க யாரும் ஓட வேணாம்."

லயம் தப்பியது. அரிசியும் லெச்சுமி அக்காவும் தொடர்ந்தார்கள். கமிட்டிக்கு எழுதும் வேலையிலிருந்து என் பேர் மட்டும் வெட்டப்பட்டது.

நானா இந்தக் கதையை என் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டார். போன மாதம் கண் பரிசோதிக்கப் போனேன். பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. பின்னால் நாற்காலியில் என் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"வெள்ளைன்னு சொல்லுங்க!"