அரிசி மிஞ்சிய வீடு

பத்தியம் இருக்கிறவன் ஊரறிய இருப்பது நல்லது. நான் ரகசியமாக இருந்தேன். அதனால் நாடு கடத்தப்படுவதிலிருந்து மயிரிழையில் தப்பினேன்.

மலாயாவில் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் சின்ன கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று ஆளுக்கு இவ்வளவு என அரிசியை அளந்து கொடுத்தார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட கேட்டில் திறந்து பார்ப்பார்கள். ஒரு வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் அது அவர்கள் பாடு. மிஞ்சினால் போலீஸ் வரும்.

இந்தக் காலம் பார்த்துத்தான் எனக்குப் பணக்கார வியாதி வந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொழுப்பு கூடுதல், சர்க்கரையும் ஆரம்பித்திருக்கிறது, இப்போதே வாயைக் கட்டினால் மருந்தில்லாமல் சமாளிக்கலாம் என்றார். நெய், தேங்காய்ப்பால், ஆட்டுக் கொழுப்பு கூடாது. இனிப்பைத் தொடக் கூடாது. சோறு ஒரு கைப்பிடி. (சுற்றிலும் எல்லாரும் அரைவயிற்றோடு இருக்கும் இடத்தில், எனக்குத் தின்று வந்த நோய் என்று எப்படிச் சொல்வது? சீட்டு எழுதித் தரவா என்று அவர் கேட்டபோது அதையும் வேண்டாம் என்றேன்.)

என் மனைவி சரோஜாவுக்கு மட்டும் தெரியும். அவள் டாக்டரைவிடக் கண்டிப்பு. கீரையும் அவித்த பயறுமாகவே போட்டாள். ஆனால் ரேஷன் அரிசியைக் குறைத்து வாங்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. அளந்து போடும்போது போதும் என்று சொல்வது லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி என்பாள். அப்படி நான் சாப்பிடாத அரிசியெல்லாம் கட்டிலடியில் ஒரு தகரத்தில் சேர்ந்தது.

ஒரு நாள் காலையில் தோட்ட லோரியில் அலோர் காஜா டவுனுக்குப் போய் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினேன். இறங்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். சோதனை நடந்து, தகரம் வெளியே வந்திருந்தது. சரோஜா அதன் பக்கத்தில் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். குரலை உயர்த்தமாட்டார், அதுதான் பயம்.

"கிராணி, இது யாருக்கு?"

யாருக்கும் இல்லை, நான் சோற்றைக் குறைத்துவிட்டேன் என்றேன்.

"தமிழன் சோத்த விட்டுட்டான். இத நான் நம்பணும்லா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வியாதியைச் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்; பார்வை வயிற்றில் வந்து நின்றது. (வாயைக் கட்டியவனுக்கு என் தொப்பை நல்ல சாட்சியாக இல்லை.) ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன். கேட்கிறோம், அதுவரைக்கும் எங்களோடு இரு என்றார். அந்த 'அதுவரைக்கும்' எவ்வளவு நீளும் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து லயத்துப் பெருமாள் அப்படித்தான் ஜீப்பில் ஏறினார். அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பிறகு சேதி வந்தது. அவர் வீட்டில் அரிசி ஏன் மிஞ்சியது என்று கடைசிவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அப்போது தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் மாணிக்கம் முன்னால் வந்தார். சர்க்கரை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும் என்றார். ஒரு நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறும். நிறைய இருந்தால் செங்கல் நிறம்.

இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். நான் ஏமாற்றிவிடாமல் இருக்க ஒரு கான்ஸ்டபிள் கூடவே வந்து நின்றார். பிறகு என் சிறுநீர் எல்லார் முன்னாலும் ஸ்பிரிட் விளக்கில் கொதித்தது. ஒரு கிராணியின் கௌரவம் ஆவியாகப் போவதை லயமே பார்த்தது.

சரோஜா டிரஸ்ஸரிடம் நெருங்கிக் கேட்டாள்: "அண்ணே, நான் பத்தியம் ஒழுங்காத்தான் போட்டேன். நீலமாவே இருந்தா இவர கொண்டுபோயிருவாங்களா?"

டிரஸ்ஸர் விளக்குத் திரியைத் தூண்டினார். பதில் சொல்ல வேண்டியவன் நான். டவுனுக்குப் போகும்போதெல்லாம் வழக்கமாகச் செய்வதைத்தான் அன்றும் செய்திருந்தேன். கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் இரண்டு கிளாஸ், ஒரு தட்டு பீசாங் கோரேங். (வாழைப்பழம்தானே என்று சமாதானம். மாவும் எண்ணெயும் என் கணக்கில் வரவில்லை.) தன் சிறுநீரில் சர்க்கரை இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பிறகு, யாரும் சந்தேகப்பட முடியாதபடி, செங்கலானது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரிசியை மட்டும் கான்ஸ்டபிளிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டாக்டரிடம் சீட்டு வாங்கி ஸ்டேஷனில் காட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கீரையில இவ்வளோ சக்கரையா?"

லயம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு நான் டவுனிலிருந்து வரும்போதெல்லாம் டிரஸ்ஸர் விளக்கை ஏற்றி வைத்திருப்பார், அவள் ஏற்பாடு. எழுபதைத் தாண்டியும் எனக்குக் கண்ணும் காலும் சரியாக இருப்பது அந்த விளக்கினால்தான்.

எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும் இன்றைக்கும் அந்தக் கேள்விதான் வரும். போன மாதம் என் ரத்த அறிக்கையைப் பார்த்த இளம் டாக்டர், ஐயா, சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

பின்னால் நின்ற என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "கீரையிலயாப்பா?"