கோழிக்குஞ்சின் கண்ணும் என் அடையாள அட்டையும்

படிக்கப் படிக்கப் புத்தி மழுங்கும் என்று சொன்னால் படித்தவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். என் சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

சண்டைக் காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கோழிக்குஞ்சின் கண்ணை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். முட்டைக்குள் கண் உருவாகும்போது, அதிலிருந்து நரம்பு இழைகள் மூளையைத் தேடி வளரும். வழி எப்படித் தெரியும்? இழையின் நுனியில், மேற்பரப்பிலேயே, ரிசெப்டர்கள் இருக்கின்றன. அவை போகிற வழியிலுள்ள உயிர்க்கலங்களைத் தொட்டுப் பார்க்கும். சில கலங்கள் வா என்னும், சில உன் இடம் இதில்லை என்று திருப்பிவிடும். (இதை மீன்காரருக்கும் விளக்கியிருக்கிறேன். பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்கு வருவதில்லை.)

பல்கலைக்கழக வளாகத்தில் கரண்ட் போனால் பார்க்க ஆளில்லை என்று சனி ஞாயிறுக்கு முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். என் பட்டமே அவற்றுக்குள்தான் இருந்தது. அடைகாக்க நானே செய்த பெட்டி: சூடு போகாமல் சுற்றிவர வெள்ளை ரெஜிபோம் அட்டை, மோட்டார்சைக்கிள் பற்றரி, பல்ப், சிவப்பும் கறுப்புமாய் வயர், சூடு கூடினால் "டிக்" என்று பல்பை அணைக்கிற சாமான் ஒன்று.

திங்கள் காலை புறப்படும்போது அம்மா சொன்னா: "பொட்டைக் கழட்டிப்போட்டுப் போ பிள்ளை. செக்பொயின்ற்றில தமிழெண்டு தேவையில்லாமல் பார்ப்பாங்கள்."

நியாயம்தானே. பொட்டைக் கழற்றிக் கவனமாகக் கண்ணாடியில் ஒட்டினேன். பிறகு வயர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கொள்ளுப்பிட்டி செக்பொயின்ற்றில் எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டி "டிக்" என்றது. என்னைச் சுற்றி நின்ற சனம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மே மொகத்த?" இது என்ன என்று ஆமிக்காரன் கேட்டான்.

"பித்தர," முட்டை என்றேன்.

முட்டைக்கு எதற்கு வயர் என்று கேட்டான். எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். தள்ளி நின்று, பெட்டியை என்னையே திறக்கச் சொன்னான். ஒரு முட்டையை உடைக்கவும் சொன்னான். மூடியில் ஊற்றினேன். விரல்நுனி அளவு உடம்பு, அதில் பெரிய கறுப்புக் கண். குனிந்து பார்த்து, "கண் என்ன இவ்வளவு பெரிசு?" என்று சிங்களத்தில் கேட்டான். என் வயதுதான் இருக்கும் அவனுக்கும்.

அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். நானோ அரைகுறைச் சிங்களத்தில் விரிவுரையைத் தொடங்கிவிட்டேன். நரம்பு நுனியில் அடையாள அட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, வழியெல்லாம் செக் பண்ணுவார்கள், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். "நீங்கள் செய்கிற மாதிரித்தான்" என்று பாராட்டும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டான். பிறகு கையை நீட்டினான். "சரி. உங்கட ஐடென்டிட்டி?"

அது வீட்டில், பொட்டு ஒட்டிய கண்ணாடிக்குக் கீழே மேசையில் கிடந்தது.

பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் பின்னேரம்வரை இருந்தேன். அந்தக் காலத்தில் அப்படி உள்ளே போன பிள்ளைகள் சிலர் வெளியே வரவேயில்லை. பற்றரியைச் சோதிக்கவென்று கழற்றிக்கொண்டு போனார்கள். முட்டைகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்துபோயின. தகவல் கிடைத்து அப்பா அட்டையோடு வந்து என்னை மீட்டார். வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "நரம்புக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லாமல் போச்சே, பிள்ளை."

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். இன்றைக்கும் யார் வெளியே புறப்பட்டாலும் அப்பா கேட்பார்: "ரிசெப்டர் எடுத்தாச்சோ?"

என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கைப்பைக்குள் கையை விட்டு அட்டையைத் தொட்டுப் பார்த்த பிறகு.