தலை நிமிராதவர் எடுத்த வல்லூறுக் கணக்கு

ஒரு காட்டில், வானத்தையே பார்க்க முடியாத காட்டுப்பன்றி ஒருவர், வானத்தில் போகும் வல்லூறுகளை எண்ணும் குழுவுக்குத் தலைவராக இருந்தார். பெயர் வராகமூர்த்தி. பன்றிக் கழுத்து மேலே நிமிராது என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். பதவி கொடுக்கும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வல்லூறுகள் கூட்டங்கூட்டமாக வந்து, அங்கிருந்த மலைகளைத் தாண்டித் தெற்கே போகும். எந்த மலைக்கு மேலே அதிகம் போகிறதோ அதற்கு ‘வல்லூறு மலை’ என்று பட்டம். அந்தப் பட்டத்தால் யாருக்கும் ஒரு கிழங்குகூடக் கிடைத்ததில்லை. ஆனாலும் வருஷா வருஷம் அதற்காக அடித்துக்கொண்டார்கள்.

தலைவருக்குத் தலை நிமிராததால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவர் மூக்கு உயரத்துக்கு இருந்த மொட்டைப்பாறையில் கொண்டையப்பன் என்ற ஓணான் உட்கார வேண்டும். ஒரு வல்லூறு போனால் ஒரு தரம் தலையை ஆட்ட வேண்டும். அதைப் பார்த்து வராகமூர்த்தி தன் கோரைப்பல்லால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். போன வருஷத்துக் கணக்கை எட்டும்வரை ஓணான் பாறையை விட்டு இறங்கக் கூடாது.

ஏற்பாட்டில் ஒரு சின்னக் கோளாறு. வல்லூறுக்கு ஓணான் என்றால் உயிர்.

முதல் நாள் வானம் கொள்ளாத கூட்டம் வந்தது. நிழல் முதுகில் விழுந்ததுமே கொண்டையப்பன் காய்ந்த சுள்ளி மாதிரி விறைத்துப்போனான். உயிர் தப்பினால் போதும் என்று பாறையோடு அப்பிக் கிடந்தான். கூட்டம் போய் முடிந்தது. மண்ணில் ஒரு கோடுகூட இல்லை.

“என்னய்யா, ஒண்ணுகூட வரலையா?” என்றார் வராகமூர்த்தி.

“ஏனுங்கய்யா, இத்தனை நேரம் உங்க முதுகு மேலேயே நிழல் நிழலாப் போச்சுங்களே!”

“அது மேகம். நீ தலையை ஆட்டுனியா? ஆட்டலையில்ல? அப்ப வரலை. பக்கத்து மலையில பூவாத்தா விடாம எண்ணிட்டு இருக்காளாம். நீ இப்படியே மரமாட்டம் உக்காந்திருந்தா ஐப்பசி முடியற வரைக்கும் பாறையிலதான் கிடக்கோணும்.”

பூவாத்தா அந்த மலைக்காக எண்ணும் ஓர் அரணை. ஒவ்வொரு பறவையையும் கண்ணால் பார்த்து, வல்லூறா பருந்தா என்று வகை பிரித்து, வாய்விட்டு எண்ணுகிறவள். பிழைக்கத் தெரியாதவள்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. உடம்பில் வெயில் ஏறினால் ஓணான்களுக்குத் தலை தானாக ஆடும். கொண்டையப்பனுக்கும் ஆடியது. கீழே பார்த்தால் வராகமூர்த்தி பரவசமாகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

“வருது, வருது! விடாதே!”

இதற்கா நேற்றுப் பாதி உயிரை விட்டோம் என்று கொண்டையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து வலிக்க ஆட்டித் தள்ளினான். மத்தியானத்துக்குள் கோடுகள் போன வருஷத்துக் கணக்கைத் தாண்டிவிட்டன. வராகமூர்த்தி அவனை இறங்கச் சொன்னார். அவன் பாறை இடுக்கில் போய்ப் புகுந்துகொண்டான்.

அதற்குப் பிறகுதான் பெருங்கூட்டம் வந்தது. களைத்துப்போன கிழட்டு வல்லூறு ஒன்று பாறையில் இறங்கியது.

“பின்னால எங்க ஆளுங்க வர்றாங்க. எண்ணிக்குங்க,” என்றது.

“நீங்கதான் மத்தியானமே போயிட்டீங்களே!” என்றார் வராகமூர்த்தி. “கணக்கு முடிஞ்சுது. லேட்டா வந்தவங்களைச் சேர்க்க வழியில்லை.”

“எண்ணுனா எண்ணுங்க, எண்ணாட்டிப் போங்க. பசிக்குதே! எண்ணுறவங்க பாறையில உக்காந்திருப்பாங்கன்னு நம்பித்தானே இந்த வழியா வர்றோம்?”

வல்லூறின் கண் இடுக்குப் பக்கம் திரும்பியது. கொண்டையப்பன் இன்னும் உள்ளே ஒடுங்கினான்.

“அண்ணா, நான் வெறும் எலும்புந் தோலுங்க,” என்றான் உள்ளேயிருந்து. “பக்கத்து மலையில ஒருத்தி இன்னும் எண்ணிட்டு இருக்கா. கொழுகொழுன்னு இருப்பா. எண்ணி முடிக்காம எடத்தை விட்டு அசையமாட்டா.”

வல்லூறு நன்றி சொல்லிவிட்டுப் பறந்தது. கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பியது. நடுவில் இறங்கினால் கணக்குத் தப்பிவிடும் என்று பூவாத்தா ஓடவில்லை. அந்தக் கூட்டத்தில் அறுபத்து மூன்று வரை அவள் எண்ணியது காடு முழுக்கக் கேட்டது. அறுபத்து நான்கு கேட்கவில்லை.

பட்டம் வராகமூர்த்தியின் மலைக்கே வந்தது. விழாவில் கொண்டையப்பனுக்கு மாலை போட்டு மொட்டைப்பாறையில் உட்காரவைத்தார்கள்.

“பூவாத்தா அறுபத்து மூணோட நிறுத்திட்டா,” என்று பேசினார் வராகமூர்த்தி. “பாதியில வேலையைப் போட்டுட்டுப் போறவங்களை வெச்சுக்கிட்டு ஒரு மலை எப்படிங்க முன்னேறும்?”

வெயில் நன்றாக ஏறியிருந்தது. கொண்டையப்பன் தலையை ஆட்டினான். வராகமூர்த்தி பழக்க தோஷத்தில் ஒரு கோடு கிழித்தார்.

நீதி: வானத்தை எண்ணப் போகிறவர்கள் முதலில் தங்கள் தலையை ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டு, கணக்கை அத்தோடு முடித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.