கல்யாணத்துக்கு முந்தைய கத்திகள்

ஆதிமூலம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். கொலை எதுவும் நடக்கவில்லை. ஜெயசித்ரா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! அது எழுபத்தெட்டாம் வருஷத்துக் கத்திடி!"

"மாங்கா இந்த வருஷத்துதாங்க. நல்லாத்தான் வெட்டுது."

தவளக்குப்பம் ஜங்ஷனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை கொடுப்பவர் ஆதிமூலம். அவருக்கு மடக்குக் கத்திப் பைத்தியம். பாகூர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைய பழைய கத்திகள். அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில் கம்பெனிக்காரன் ஒரு முத்திரை குத்தியிருப்பான். ஒரு கம்பெனி பத்துப் புள்ளியில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைப்பான். இன்னொருத்தன் வருஷா வருஷம் எழுத்தை மாற்றுவான். லென்ஸை வைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், கத்தி பிறந்த வருஷத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார்.

ஜெயசித்ராவின் சமையலறையில் இருந்ததோ ஒரே கத்தி. அதால் வாழைப்பழம் நறுக்கலாம், பழம் நன்றாகக் கனிந்திருந்தால். மீன் நாளில் அவள் படும் பாடு அந்த மீன்கூடப் பட்டிருக்காது.

ஆரோக்கியம் கை கழுவிவிட்டு வந்து பஞ்சாயத்துப் பண்ணினார். ஜெயசித்ராவே ஒரு வழி சொன்னாள்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச கத்தி உங்களுது. அப்புறம் செஞ்சது எனக்கு. சரியா?"

இவ்வளவு மலிவாக முடியும் என்று ஆதிமூலம் நினைக்கவே இல்லை. ராஜா மானியம் கொடுக்கிற தோரணையில் தலையாட்டினார். உடனே லென்ஸை எடுத்து முதல் கத்தியைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து ரெண்டு."

"அப்புறம்" என்று சொல்லிக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டாயிரத்து ஒண்ணு."

"அதுவும் அப்புறம்தான்."

"ஏய், அது எப்படி..."

"ஏங்க, நம்ம கல்யாணம் எந்த வருஷம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா! நல்லாத் தெரியும்!"

பொய். சுத்தமாகத் தெரியாது. மழை பெய்தது ஞாபகம் இருந்தது. பந்தியில் தனக்கு அப்பளம் வராததுகூட ஞாபகம் இருந்தது. வருஷம் மட்டும் வரமாட்டேன் என்றது. கத்தி ஒவ்வொன்றாகச் சமையலறைக்குக் குடிபோனது. ஆசை ஆசையாய் வாங்கிய 2007-ஆம் வருஷத்து மான்கொம்புப் பிடிக் கத்தி நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு வலித்தது.

கல்யாண ஆல்பம் வில்லியனூரில் மாமியார் வீட்டில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்பதும் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதும் ஒன்றுதான். அவள் தம்பி புகழேந்தியைக் கேட்டால் போனை வைப்பதற்குள் அக்காவுக்குச் செய்தி போய்விடும். மகள் அனிதாவின் வயசை வைத்துக் கணக்குப் போடலாம் என்றால், அவள் காலேஜில் முதல் வருஷமா இரண்டாம் வருஷமா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் குடிக்கும்போது சொம்பின் கழுத்தைப் பார்த்தார். பொட்டுப் பொட்டாகப் பேர் வெட்டியிருந்தது. பளிச்சென்று புத்தியில் விளக்கெரிந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் வருஷம் இருக்குமே! ஜெயசித்ரா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து லென்ஸோடு பரண் ஏறினார். தட்டு, குண்டான், அடுக்கு எல்லாவற்றையும் குப்புறப் போட்டு ஆராய்ந்தார். கடைசியில் ஒரு எவர்சில்வர் சம்படத்தின் அடியில் அம்சமாகக் கிடைத்தது: 2009.

ஆரோக்கியத்தைக் கையோடு இழுத்துவந்து உட்காரவைத்தார். ஜெயசித்ரா மீன் பையோடு உள்ளே நுழைந்தாள்.

"எவ்ளோ நாளாடி என்னை ஏமாத்திக்கினு இருக்கே? நம்ம கல்யாணம் ரெண்டாயிரத்து ஒம்பது! அந்த மான்கொம்பு ரெண்டாயிரத்து ஏழு! எட்றீ எல்லாத்தையும்!"

"ஒம்பதா? நல்லா ரோசிச்சு சொல்லுங்க."

"ரோசிக்க இன்னா இருக்கு? ஆரோக்கியம், நீயே சாட்சி. தப்புன்னா மொத்த அலமாரியும் அவளுக்கு!"

"ஒம்பதுன்னு எதை வச்சி சொல்றீங்க?"

ஆதிமூலம் சம்படத்தை வெற்றிக் கோப்பைபோல் தூக்கிக் காட்டினார். லென்ஸ்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். வருஷம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் எதையும் படிக்கமாட்டார்.

"மேல எழுதியிருக்கறதையும் படிங்கண்ணே" என்றாள் ஜெயசித்ரா, ஆரோக்கியத்தைப் பார்த்து.

ஆரோக்கியம் லென்ஸ் இல்லாமலே படித்தார். "அனிதா காதணி விழா. தாய்மாமன் புகழேந்தி அன்பளிப்பு."

ஆரோக்கியம் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"ஏங்க, மூணு வயசுப் புள்ளைய மடியில ஒக்கார வச்சிக்கினுதான் எனக்குத் தாலி கட்டுனீங்களா?"

ஆதிமூலம் அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினார். கூடவே, வெட்கத்தை விட்டு, மெதுவாகக் கேட்டும் பார்த்தார்.

"சரி... எந்த வருஷம்தான்டி?"

"நல்லாத் தெரியும்னீங்களே!" என்றபடி அவள் கத்திகளை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அலமாரியில் இப்போது ஊறுகாய் ஜாடிகள் இருக்கின்றன. கல்யாணம் எந்த வருஷம் என்பது ஆதிமூலத்துக்கு இன்றுவரை தெரியாது.