கங்கம்மா பொறுக்கின பிராசசர்

இனிமேல் எவன் கடையிலும் கைகட்டி நிற்பதில்லை, வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டி ராஜாவாகப் பிழைப்பது என்று ரமணா தீர்மானம் செய்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. பகல்தான். ஆனாலும் ஐப்பசித் தூறலில் வீடு சாயங்காலம் மாதிரி இருண்டு கிடந்தது. ராஜா கொஞ்ச நேரம் சுவரைத் தடவிக்கொண்டு தீப்பெட்டி தேடினார்.

அவனுக்கு அந்த வருஷம் எல்லாமே இப்படித்தான். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தான். கடைக்காரர் ஒருநாள் ஷட்டரை இறக்கினார். மறுபடி ஏற்றவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு நாராயணவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து வேலை தேடுகிற வேலை ஒன்றுதான் அவனுக்கு நிரந்தரம். அதற்கும் சம்பளம் இல்லை.

பெண்டாட்டி தாட்சாயணி அப்படிக் குந்தியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகா சத்தியவேடு பக்கம் செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸே ஊர் முனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவளோடு போய் தாட்சாயணியும் ஆளெடுப்பில் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி கழிந்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

இதைக் கேட்ட நாளிலிருந்து ரமணாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி காலையில் பஸ் ஏறுவாள். ஊர் பார்க்கும். இவன் வாசலில் நின்று டாட்டா காட்டுவான். அதையும் ஊர் பார்க்கும். "அவ சம்பாதிக்கிறா, இவன் குந்திக்கினு துன்றான்" என்று டீக்கடையில் ஒரே ஒருத்தர் சொன்னால் போதும், அந்த டீ அவனுக்கு ஜென்மத்துக்கும் இறங்காது. அதற்கும் அடியில் இன்னொரு பயம் கிடந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிற தாட்சாயணி இவனைப் பார்த்து, இந்த ஆள் நமக்கு எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டால்?

அதனால்தான் சர்வர்.

"சர்வர்னா இன்னா மாமா?"

"கல்யாண வீடியோவெல்லாம் சேத்து வச்சிக் காப்பாத்துற கம்ப்யூட்டர்மே. நாராயணவனத்துல, திருச்சானூர்ல எத்தினி கல்யாணம் நடக்குது! ஸ்டூடியோக்காரன் சிடி போட்டுக் குடுக்கறான். அது கீறல் வியுந்து பூடுது. அப்புறம் பொண்ணோட அம்மா வந்து ஸ்டூடியோ வாசல்ல அய்வா. ஸ்டூடியோக்காரன் எங்க ஓடுவான்? எங்கிட்டதான் ஓடியாருவான். நான் எடுத்துக் குடுப்பேன்."

"ஓட்டல் சர்வரா இருந்தா மாசமானா சம்பளமாவது வரும்."

"நக்கலா?"

"இல்ல மாமா. நல்லதுதான. பண்ணு."

"ஆனா அது ராத்திரி பகலா ஓடணும். கூடவே ஒரு ஆளு வூட்டுல இருந்து பாத்துக்கணும்." இதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான்.

"யாரு அந்த ஆளு?"

"நான் ஸ்டூடியோ ஸ்டூடியோவா அலையணுமே."

தாட்சாயணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் எறிந்தாள்.

சர்வருக்கு மூளையான பிராசசர் வாங்கத் திருப்பதிக்குப் போனார்கள். பணம் தாட்சாயணி சீட்டு எடுத்தது. ஆகையால் கூடவே அவளும் வந்தாள். இடுப்பில் பாப்பா நளினியும் வந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற திருவேங்கடம் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று, ஏதோ பெரிய கம்பெனியில் ஓடி ஓய்ந்து கழித்துப் போட்ட பிராசசர். ஆள் தீப்பெட்டி அளவுதான். ஆனால் சூடு தணிக்க அவர் தலைமேல் தேங்காய் அளவுக்கு ஒரு ஃபேன். இன்னொன்று போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்த குட்டி. ஃபேனே கிடையாது. சவலைப் பிள்ளை மாதிரி இருந்தது.

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதுதான் கஷ்டம். விலையில் வித்தியாசம் இருந்துவிட்டால் இல்லாதவர்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

"எதுக்கு வேணும்?" என்றார் திருவேங்கடம்.

"கல்யாண வீடியோ சேத்து வைக்க."

"சேத்து வைக்கத்தான? பாத்திரம் பூட்டி வைக்கிற ரூமுக்கு சமையக்காரன் எதுக்குப்பா? சின்னது போதும். கரண்டும் கம்மியா துன்னும்."

ரமணா பெரியதைத் தடவினான். "இது நாலு கோரு இல்ல? ஒண்ணுக்குள்ள நாலு மூள."

"நாலு எரும பூட்டின வண்டிதான். நீ ஏத்தப்போறது ஒரு படி தவுடு."

தாட்சாயணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அண்ணா, கரண்டு போய் வந்தா?"

"பெருசுக்கு ஆள் வேணும்மா. இன்வெர்ட்டர் வச்சாலும் ரொம்ப நேரம் தாங்காது. கரண்டு போனா ஓடிப்போய் ஒயுங்கா நிறுத்தணும். வந்தா ஓடியாந்து போடணும். அதோட பழைய போர்டுல தானா எழுந்துக்கற வசதி செத்துப்போச்சி. சூடு ஏறுதான்னு வேற தொட்டுத் தொட்டுப் பாக்கணும். கைக்கொயந்த மாதிரி. சின்னது அப்டியில்ல. கரண்டு வந்தா அதுவே எழுந்துக்கும்."

"அதுவேவா?"

"அதுவே."

"பக்கத்துல ஆள் வேணாம்?"

"பேய்கூட வேணாம்."

தாட்சாயணி அந்தச் சவலைப் பிள்ளையைப் பார்த்தாள். கல்யாணத்தன்று மணவறையில்கூட அவள் ரமணாவை அப்படிப் பார்த்ததில்லை.

"வூட்டுல கலந்து பேசிட்டு வரோம்" என்று ரமணா அவசரமாக எழுந்துவிட்டான்.

திரும்பி வந்த புத்தூர் பஸ்ஸில் கலந்து பேசவில்லை. ஜன்னல் ஒழுகிற்று, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்து பேசினார்கள்.

"பெருசுதான்" என்றான் ரமணா.

"சின்னது" என்றாள் தாட்சாயணி.

"நாளைக்கி ஊர்ப்பட்ட ஸ்டூடியோ வந்து நின்னா சின்னது தாங்குமா?"

"இன்னிக்கி எத்தினி வந்து நிக்குது?"

"பேசிக்கினு கீறேன். ஒருத்தர் 'சூஸ்தாம், பாக்கலாம்'னாரு."

"பாக்கலாம்னு சொல்றவங்க கண்ண மூடிக்கினு போயிடுவாங்க மாமா."

"பிராசசரப் பத்தி உனுக்கு இன்னாமே தெரியும்?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ பக்கத்துல ஆளு வேணுங்கற. அது வேணாங்குது. அதான் யாரு பேச்சக் கேக்கறதுன்னு பாக்கறேன்."

"ஆம்பள பேச்சக் கேளு."

"அதுல எத்தினி கோரு கீது?"

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. சோறு வைக்கும்போது தட்டு மட்டும் பேசிற்று. தூறலும் விடவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் வீடு முழுக்க ஈரவாடை. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ரமணா சுவரைப் பார்த்துப் படுத்தான், கூரையைப் பார்த்துப் படுத்தான், கடைசியில் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"கங்கம்மா கோயில்ல பூ போட்டுப் பாத்துடலாம்மே. அம்மா எத சொல்றாளோ அது."

அந்த ஊரில் நிலம் வாங்குவதானாலும் பெண் கொடுப்பதானாலும் மனசு ரெண்டுபட்டால் பூப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. ஒவ்வொன்றையும் இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். எது வந்ததோ அதுதான் உத்தரவு. அப்புறம் மேல்முறையீடு கிடையாது.

"பெருசுக்கு வெள்ள, சின்னதுக்கு செவப்பு" என்றான் ரமணா. "பூவ நானே கட்டறேன்."

"நீயேவா?"

"ஏன், என் கை ஆவாதா?"

தாட்சாயணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி மாமா. நீயே கட்டு" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே ரமணா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவனாக இருந்தால் அவன் அந்தக் கடையை நம்பிப் பெங்களூரில் இருந்திருக்கவே மாட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைக்குப் போனான். நந்தியாவட்டைச் செடியில் ஒரு பூவைப் பறித்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். அதே செடியில் இன்னொன்றையும் பறித்தான். இரண்டையும் வாழை இலைத் துண்டில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றினான். எதை எடுத்தாலும் வெள்ளை. சாமியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நடுக்கம். சாமிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு தைரியம். இரண்டும் மாறி மாறி வந்தன.

கோயிலில் பூசாரி கங்கையா இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக் கங்கம்மா காலடியில் வைத்தார். கற்பூரம் ஈரத்தில் பற்ற மாட்டேன் என்றது. எப்படியோ பற்றவைத்தார்.

"கட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றான் ரமணா, பெருமையாக.

"அப்ப நீ வாயத் தெறக்காத. கட்டினவன் கேக்கக் கூடாது. வேற ஆளுதான் கேக்கணும். நம்ம அம்மா கிட்ட அதான மொற?"

 பெங்களூரில் யாரும் பூ போட்டுப் பார்த்து ஹார்ட் டிஸ்க் மாற்றுவதில்லை. ரமணாவுக்கு முறை மறந்துபோயிருந்தது.

"நீ கேளும்மா" என்றார் பூசாரி.

தாட்சாயணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். அக்கம்பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காத குரல் அவளுக்கு. அன்றைக்கு என்னவோ வாசல் வேப்பமரம்வரை கேட்டது.

"தாயே! வெள்ள வந்தா சின்னத வாங்கறோம், நான் திங்கக்கெயம வேலைக்குப் போறேன். செவப்பு வந்தா பெருச வாங்கறோம், நான் வூட்டோட கெடக்கறேன். நீதாம்மா சொல்லணும்."

"ஏய்! மாத்திச் சொல்றா!" என்று ரமணா கத்தினான்.

"உன்ன வாயத் தெறக்காதன்னேன்" என்றார் பூசாரி.

"இல்லீங்க, வெள்ளதான் பெருசு. அப்டித்தான் பேசினோம்."

"எங்க பேசினீங்க?"

"வூட்டுல."

"வூட்டுல பேசினதுக்கு வூட்டு செவுரு பதில் சொல்லும். இங்க கேட்டதுக்குத்தான் அம்மா சொல்லுவா. எந்த நெறம் எதுக்கு இருந்தா இன்னாப்பா? உள்ள ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. சரிபாதிதான? இன்னாத்துக்குப் பதறே?"

ரமணா வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கங்கம்மா முன்னால், எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அம்மனின் வெள்ளிக் கண் இரண்டும் இவனையே பார்த்தன. வாயை மூடிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான்.

பாப்பா நளினியை இறக்கிவிட்டார்கள். அது இந்தப் பொட்டலத்தைத் தொட்டது, அதை விட்டுவிட்டு அந்தப் பொட்டலத்தைத் தொட்டது. ரமணா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டினான். 'தாயே, தப்புதான். நீ நெனச்சா முடியாததா? உள்ள கீற வெள்ளைய மட்டும் கொஞ்சம் செவப்பாக்கிடு. ஜென்மத்துக்கும் கூழ் ஊத்தறேன்.'

பூசாரி நூலைப் பிரித்தார்.

"வெள்ள!"

நந்தியாவட்டை அப்போதுதான் கறந்த பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. தாட்சாயணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் எறிந்தார் பூசாரி. அதுதான் முறை. அந்த ஒரு முறைக்காக ரமணா மனசுக்குள் கும்பிட்டான்.

திரும்பும்போது ஒரே குடையில் மூவரும் வந்தார்கள்.  தாட்சாயணிதான் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம் மாமா, செவப்புப் பூவுக்கு எங்க போன?"

"ஏன், நம்ம கொல்லைல கீற செம்பருத்திதான்."

"நேத்து சாயங்காலம் மல்லிகா வூட்டு ஆடு அத மொட்டையா மேஞ்சுட்டுப் போச்சே. ஒரு எலகூட இல்லியே."

குடைக்கு வெளியே இருந்த ரமணாவின் பாதி முதுகு நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பாதிக்கு வியர்த்தது.

"பக்கத்து கொல்லைல... பறிச்சேன்" என்றான்.

"ஓ" என்றாள் தாட்சாயணி. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருக்கிறது.

சின்னதை வாங்கி வந்து ரமணா கம்ப்யூட்டர் பெட்டியில் பொருத்தினான். நன்றாகவே ஓடிற்று. அதில் சேர்த்து வைக்க அப்போதைக்கு ஒரே ஒரு கல்யாணம்தான் கிடைத்தது, அவனுடையது. அதையும் முழுசாகப் பார்க்க அவனால் முடியவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தாட்சாயணி கம்பெனி கொடுத்த நீலக் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரமணா டாட்டா காட்டவில்லை. வேலியோரம் நின்று துண்டை உதறுகிறவன் மாதிரி உதறினான். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டிருந்தான். அப்புறம் வீட்டுக்குள் வந்து சர்வர் எதிரில் குந்தினான்.

கரண்டு போயிற்று. பெட்டி அணைந்தது. மழை இருட்டில் அவனும் பெட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கரண்டு வந்தது. சுவிட்சைப் போட ரமணா ஆசையாகக் கையை நீட்டினான். விரல் போய்ச் சேருவதற்குள் பெட்டி விளக்கை ஏற்றிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

செல்போன் அடித்தது. பின்னால் பஸ் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டன.

"மாமா, கரண்டு போச்சா?"

"போச்சு. வந்துடுச்சி."

"மிஷினு?"

"அதுவே எழுந்துகிச்சி."

"அப்ப நீயும் எழுந்து பாப்பாவுக்கு ஒல வை."