முறுக்குப் பட்டியலை மறைத்த கல்யாண வீடியோ

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறுக்கைக்கூட நான் சுமப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வெளியே சொல்கிற தைரியம் இருந்தால் சபதம் எதற்கு?

என் மனைவி அனிட்டா பலகாரம் செய்து விற்கிறாள். மன்னார்குடியில் அவளுடைய அச்சுமுறுக்குக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சுமந்துகொண்டு மொபெட்டில் திருத்துறைப்பூண்டி வரை போகிற எனக்குத்தான் பெயரே கிடையாது. என்னைப் பார்த்ததும் "முறுக்கு வந்துடுச்சு" என்றுதான் கதவைத் திறக்கிறார்கள்.

வெப்சைட்டும் நான் செய்ததுதான். 'பலகாரங்கள்' என்ற இடத்தைத் தொட்டால் பட்டியல் கீழே இறங்கும். வேண்டியதைத் தொட்டால் ஆர்டர். போன வாரம் அதற்குக் கீழே எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டேன். இறங்கி வந்த பட்டியல் நேராக வீடியோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆர்டர் நின்றது. மதியத் தூக்கம் திரும்பி வந்தது. சரிசெய்ய ஒரு நிமிஷம் போதும். நான் ஏன் செய்கிறேன்?

"என்னங்க, லிஸ்ட்டு வீடியோவுக்குப் பின்னாடி போயிடுதே."

"வீடியோன்னா கனம் ஜாஸ்தி. அது மேல லிஸ்ட்டு ஏறாது."

"கிறிஸ்துமஸ் வியாபாரத்தை விட்டுட்டா அப்புறம் வருஷம் பூரா யாரு வாங்குவா? வீடியோவை எடுத்துடுங்க."

"நம்ம கல்யாணத்தையா எடுக்கச் சொல்றே?"

அனிட்டா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் சண்டை.

மறுநாள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த வீடியோவைப் போடுங்க, பார்ப்போம்."

போட்டேன். கீழ்வேளூரிலிருந்து வந்த பெண் வீட்டுக் கார் வழியில் சேற்றில் மாட்டிக்கொள்ள, அனிட்டா பட்டுப்புடவையோடு டிராக்டரில் வந்து சர்ச் வாசலில் இறங்கினாள். சக்கரமெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து ஒரு ரோஜாப்பூவுக்குள் எங்கள் இரண்டு பேர் முகமும் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு எவ்வளவு மீசை! பந்தியில் அப்பா யாரையோ அதட்டுகிறார். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டினேன், திரை கலங்கலாகத் தெரிந்தது.

"மைக் செட்டு நின்னுபோனப்ப யாரு சரிபண்ணா, ஞாபகம் இருக்கா?"

"நான்தான்."

"மாப்பிள்ளைக் கோட்டோட! மாப்பிள்ளைக்குத் தெரியாத மிஷினே இல்லைன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரு. பாவம், இந்த லிஸ்ட்டுதான் உங்களுக்குப் பிடிபடலை."

"யாரு சொன்னா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு. பெரிய நம்பர் முன்னாடி நிக்கும். வீடியோவுக்குப் பத்து, லிஸ்ட்டுக்கு ஒண்ணு. இதை நூறுன்னு மாத்தினா..."

மாற்றியும் காட்டினேன். அச்சுமுறுக்கு, அதிரசம், சீப்புச்சீடை எல்லாம் வீடியோவுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றன.

"கெட்டிக்காரர்தான். கண்ணைத் தொடைச்சுக்குங்க" என்று முந்தானையைக் கொடுத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தால் லேப்டாப் அவள் மடியில் இருந்தது. சேமித்தும் விட்டிருந்தாள்.

"அப்ப வீடியோ?" என்றேன், ஈனக்குரலில்.

"அது இருக்கட்டுங்க. ரொம்ப உபயோகம்" என்றவள், அதற்குக் கீழே என்னவோ டைப் செய்தாள். எட்டிப் பார்த்தேன்.

'மேலே வீடியோவில் கோட்டுப் போட்டிருக்கும் மாப்பிள்ளையே உங்கள் வீட்டுக்கு நேரில் வந்து முறுக்குக் கொடுப்பார்.'