பத்திரிகையில் விடுபட்ட மூன்று மாமன்கள்

கல்யாணப் பத்திரிகையை மேலிருந்து கீழாகப் படிப்பவர் யாரும் இல்லை. எல்லோரும் முதலில் தங்கள் பெயரைத்தான் தேடுவார்கள். அது கிடைத்த பிறகுதான் யாருக்குக் கல்யாணம், எந்த மண்டபம் என்பதெல்லாம். இந்த எளிய விஷயம் கல்யாணப் பெண்ணான எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எக்ஸ்எம்எல்.

அப்போது ராமநாதபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜேசன் கோப்புகளாக மாற்றித் தருவது எங்கள் பிழைப்பு. இரண்டுமே தகவலை எழுதிவைக்கும் முறைகள்தான். எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னாலும் பின்னாலும், அது என்ன தகவல் என்று சொல்லும் ஒரு டேக் போட வேண்டும். ஜேசனில் தலைப்பை எழுதி, இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தில் தகவலை எழுதினால் போதும். அதை இதுவாக மாற்றும் விதிகளை எழுதிவைக்கும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ஸ்டைல்ஷீட் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. (நிஜமாகவே நான் ஒருத்திதான். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.)

எனவே அம்மா மூன்று நாள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சொந்தக்காரர் பெயர்களை நான் நோட்டில் எழுதவில்லை. டேக் டேக்காக எக்ஸ்எம்எல்லில் அடித்தேன்.

அச்சகத்து அண்ணன் பாவம், நல்ல மனுஷன். "பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா, நான் டைப் அடிச்சுக்கிறேன்" என்றார்.

"வேண்டாண்ணே. நீங்க புதுசா வாங்குன சாஃப்ட்வேர் ஜேசன் எடுத்துக்கும்ல? நானே மாத்தித் தாரேன். ஒரு எழுத்துப் பிழை வராது."

எழுத்துப் பிழை வரவில்லை. அதை இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர். எல்லோரும் கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம். ஆக, என் கோப்பில் 'தாய்மாமன்' என்ற டேக் நான்கு முறை வந்தது. எக்ஸ்எம்எல்லில் அது தப்பில்லை. என் ஸ்டைல்ஷீட்டும் 'தாய்மாமன்' என்ற தலைப்பை நான்கு முறை ஜேசனில் எழுதியது. நானும் கோப்பைத் திறந்து விரல் விட்டு எண்ணினேன். நான்கு மாமன்களும் இருந்தார்கள். ஆனால் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தால், படிக்கிற மென்பொருள் பெரும்பாலும் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் வந்ததையெல்லாம் விட்டுவிடும். நான்கையும் ஒரே தலைப்பின் கீழ் ஒரு பட்டியலாக அடுக்கியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

அண்ணன் அனுப்பிய ப்ரூஃபை அரைமணி நேரம் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் சரியாக வந்திருக்கிறதா என்றுதான். பிறகு "சூப்பர்ணே, அடிச்சிருங்க" என்று அனுப்பினேன்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அய்யாவும் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு கமுதிக்குக் கிளம்ப, நானும் தொற்றிக்கொண்டேன். என் கைவண்ணத்தை மாமாக்கள் மெச்சுவதை நேரில் பார்க்க ஆசை. அப்படியே மற்ற ஊர்களுக்கும் போகலாம் என்று அச்சகத்திலிருந்து வந்த பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமலே காரில் ஏற்றியிருந்தோம்.

பெரியமாமா வீட்டு முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்தது. மாமாக்கள் நான்கு பேரும் வந்திருந்தார்கள். அதுவே பெரிய அதிசயம். கண்மாய்த் தண்ணீர் தகராறில் பெரியமாமாவும் சின்னமாமாவும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. எனக்காகத்தான் சின்னமாமா அந்த வாசலை மிதித்திருந்தார். ஆளுக்கொரு மூலையில், எதிரெதிர் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியமாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். பெரியப்பா பெயர் வந்தது. சித்தப்பா, அத்தை எல்லாம் வந்தது. (அய்யா பக்கம் எல்லா உறவும் ஒவ்வொன்றுதான். அதனால் அங்கே ஒருவரும் விடுபடவில்லை.)

"தாய்மாமன்..." என்று படித்தவர் நிறுத்தினார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"தாய்மாமன், முனியசாமி" என்றார்.

அது சின்னமாமா பெயர். அதற்குக் கீழே இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அச்சகத்து அண்ணன் ஒரு யானைப் படம் போட்டிருந்தார்.

அம்மா அட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அய்யாவிடம் திரும்பினாள். "ஒங்க பக்கம் அம்புட்டுப் பேரும் இருக்காக. என் பக்கம் யானையா?"

அய்யா வெற்றிலையைச் சரிசெய்தார். சரியாக இருந்த வெற்றிலை அது.

"மாமா, அது வந்து... எக்ஸ்எம்எல்ல நாலு பேரும் இருந்தீக. ஜேசனுக்கு மாத்தும்போதுதான்..."

"ஆரு அந்த ஜேசன்? மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

"இல்ல மாமா. ஒரே ஆணியில நாலு சட்டைய மாட்டுனா மேல கெடக்குற சட்டை மட்டும்தான தெரியும்? அந்த மாதிரி ஆகிப்போச்சு."

பெரியமாமா கண்ணாடியைக் கழற்றினார். எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர். காலேஜில் சேர்க்க என்னை மொபெட்டில் வைத்து வெயிலோடு கூட்டிப்போனவர்.

"எனக்குன்னு ஒரு ஆணி அடிக்க ஒனக்கு ஏலலையா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். இன்று இதை எழுதும்போது சிரிக்கிறேன், அன்று மூக்கு ஒழுக அழுதேன். காற்றில் மிளகாய் நெடி வேறு.

சின்னமாமா எழுந்து வந்தார். அம்மா கையிலிருந்த அட்டையை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அண்ணன் பேரு இல்லாத பத்திரிகையில எம்பேரு மட்டும் எதுக்குக்கா?"

அதற்குப் பதில் சொன்னது பெரியமாமாதான்.

"ஏலே கிறுக்கா! நீயும் அடிச்சுப்புட்டா அந்தப் புள்ளைக்கு மாமன்னு ஆருடா இருக்கா?"

இரண்டு வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை 'கிறுக்கா'. சின்னமாமா தலையைக் குனிந்துகொண்டு "நீங்கதான்ணே இருக்கீக" என்றார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பெரியமாமா வீட்டு அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போய்விட்டாள்.

"வேற பத்திரிகை அடிச்சிருவோம் மச்சான்" என்றார் அய்யா.

"எதுக்கு? பேனாவக் கொண்டாங்க" என்றார் பெரியமாமா.

அன்று மதியம் முழுக்க ஐந்நூறு பத்திரிகையும் ஒரே பாயில். யானையின் மேல் பெரியமாமா தன் பெயரை எழுதித் தம்பியிடம் தள்ளுவார். அவர் எழுதி அடுத்தவரிடம். ஏற்கெனவே அச்சாகியிருந்தாலும் சின்னமாமாவும் தன் பெயரைக் கடைசியில் கையால் எழுதினார். நடுவில் உள்ள இரண்டு மாமாக்களும் கை வலிக்கிறது என்று முனகினார்கள். பெரியமாமா கேட்கவில்லை. மிளகாய்த் தூசி எல்லா அட்டையிலும் ஏறிவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தவர்கள் ஒருவர் விடாமல் தும்மினார்கள்.

மாமாக்களே கையெழுத்துப் போட்டு அழைப்பது ஏதோ புதுப் பாணி என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். என் தங்கை கல்யாணத்திலும், மாமா பிள்ளைகள் கல்யாணங்களிலும் தாய்மாமன் என்று போட்டு, அவரவர் மாமன்கள் கையால் எழுதக் கீழே இடம் விட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீர் தகராறு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போது நேருக்கு நேராகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

ஆபீசிலும் கதை பரவிவிட்டது. ஸ்டைல்ஷீட் எழுதி முடித்ததும் ஒரே டேக் பலமுறை வருகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு எங்கள் டீமில் 'மாமன் செக்' என்று பெயர்.

பெரியமாமா வாரம் ஒருமுறை போன் செய்வார். எடுத்ததும் அவர் தன் பெயரைச் சொல்வதில்லை.

"ஆத்தா, மொத ஆணி பேசுறேன்" என்பார்.